பூக்கார அக்கா வாங்கிய சங்கரா மீன்

சார், என் அம்மாவிடம் மீன் வாங்கிய பெண்களை நீங்கள் கேவலப்படுத்தி அச்சில் போட்டிருக்கிறீர்கள். தெரியாமல் நடந்துவிட்டது என்று தப்பிக்க முடியாது. நடந்தது என்ன என்பதை என் கையெழுத்திலேயே படித்துவிட்டுத்தான் இந்த வேலையைச் செய்தீர்கள்.

மற்றவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன்.

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்தேன். கோவளம் பக்கத்துக் குப்பத்திலிருந்து பஸ் பிடித்து வருவேன். நீங்கள் எங்களுக்குக் கலைச்சொற்கள் நடத்தினீர்கள். நடத்துவது என்றால், நோட்ஸ் சொல்வீர்கள், நாங்கள் எழுதிக்கொள்வோம். தனிமொழி, முன்னுணர்த்தல், நாடக முரண். உதாரணம் எல்லாம் ஏதோ தேசத்து ராஜாக்கள். அந்தச் சொற்கள் மேல் எனக்குக் கோபம் கிடையாது. சொல்லப்போனால் பிடித்திருந்தது. மேடையில் இருக்கிறவருக்குத் தெரியாத ஒன்று பார்க்கிறவர்களுக்குத் தெரிந்திருக்கும். அதனால் அவர் சாதாரணமாகப் பேசுகிற பேச்சே பார்க்கிறவர்களைக் குத்தும். அதுதான் நாடக முரண் என்றீர்கள். சொன்ன நிமிடமே எனக்குப் புரிந்தது. நான் அதைக் கண்ணால் பார்த்தவள்.

இன்டர்னல் தேர்வில் அந்தக் கேள்வி வந்தது. ராஜாவை விட்டுவிட்டு என் அம்மாவைப் பற்றி எழுதினேன்.

அம்மா தாம்பரம் பக்கத்துக் கேம்ப் ரோட்டில் மீன் விற்றாள். குப்பத்துப் பெண்கள் ஒரே டெம்போவில் கூடைகளை ஏற்றிவந்து வரிசையாக உட்காருவார்கள். பள்ளி விடுமுறையில் நானும் போய்ச் செதில் சீவிக் கொடுப்பேன். அப்படி ஒரு காலையில் பக்கத்து மருந்துக்கடை போனுக்குத் தகவல் வந்தது. அம்மாவின் அப்பா இறந்துவிட்டார். கடைக்காரர் வரிசையின் கோடியில் இருந்த, அப்பா வழிப் பெரியம்மாவிடம் சொன்னார். அவளிடமிருந்து எல்லோருக்கும் செய்தி போயிற்று, அம்மாவைத் தவிர.

எங்கள் பெண்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கூடை நிறைய மீனோடு உட்கார்ந்திருப்பவளிடம் சாவுச் செய்தி சொல்லமாட்டார்கள். சொன்னால் அவள் கூடையைப் போட்டுவிட்டு ஓடுவாள். மீன் அழுகும், காரியம் முடிந்து வந்தால் மறுபடி சரக்கெடுக்கக் கையில் பணமிருக்காது. அதனால் மற்றவர்கள் முதலில் கூடையைக் காலி செய்வார்கள். பிறகுதான் சொல்வார்கள்.

பெரியம்மா என் பக்கத்தில் வந்து குனிந்தாள். "வாயத் தொறக்காத. கூட காலியாவட்டும். நான் சொல்லிக்கிறேன்."

அதற்குப் பிறகு எல்லோரும் வாங்கினார்கள். மீன் விற்கிறவர்களே எழுந்துவந்து மீன் வாங்கினார்கள். குன்றத்தூர் முருகனுக்கு விரதம் இருந்த பூக்கார அக்கா சங்கராவில் பெரிய கூறாகப் பார்த்து எடுத்தாள். ஒருத்தியும் பேரம் பேசவில்லை. அம்மா சொன்ன விலையைக் கொடுத்தார்கள். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. யார் முகத்தில் விழித்தேனோ என்று சந்தோஷமாகப் புலம்பினாள். பூக்கார அக்காவை வேறு சீண்டினாள்.

"இன்னாடி, வெரதம்னு சொல்லிகினு சங்கரா வாங்குற? முருகன் பாத்துகினுதான் கீறாரு."

"அவராண்ட நான் பேசிக்கிறேன். நீ மூடிகினு கூறு போடு," என்றாள் அக்கா. சொல்லிவிட்டு முகத்தைத் தன் பூக்கூடைப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அம்மா சிரித்தாள். கை நிறையச் செதிலோடு நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கூடை காலியானதும் பெரியம்மா தண்ணீர் ஊற்றி அம்மாவின் கையைக் கழுவினாள், தன் முந்தானையால் துடைத்தாள். பிறகு சொன்னாள்.

இதைத்தான் எழுதினேன். பூஜ்யம் போட்டீர்கள். அதோடு விடாமல் என்னை எழுந்து நிற்கவைத்து வகுப்பில் படித்துக் காட்டினீர்கள். இது இலக்கிய வகுப்பு, மீன் மார்க்கெட் இல்லை என்றீர்கள். வகுப்பு சிரித்தது. மேடையே இல்லையே, பார்வையாளர் யார் என்று கேட்டீர்கள்.

"நான்தான் சார்," என்றேன்.

உட்காரச் சொன்னீர்கள்.

டிகிரி வாங்கினேன். சிறுசேரியில் வேலைக்குப் போனேன். பல வருடம் கழித்து ஒருநாள் கேம்ப் ரோட்டில் பூக்கார அக்கா என்னை நிறுத்தினாள். அவள் பெண் இப்போது அதே கல்லூரியில் படிக்கிறாள். நீங்கள் எழுதிய கைடை வாங்கியிருக்கிறாள். அதில் நாடக முரணுக்கு உதாரணம் என் அம்மா. மருந்துக்கடை போன், விரதம் இருந்த பூக்காரி, எல்லாம் அப்படியே. ஒன்றை மட்டும் மாற்றியிருந்தீர்கள். சாவுச் செய்தி தெரிந்த பெண்கள் தங்களுக்குள் பேசிவைத்து, விலையை அடித்து, பாதி விலைக்கு மீனை அள்ளிக்கொண்டு போனார்களாம். அது தெரியாமல் மீன்காரி சிரித்தாளாம். பாதி விலைக்கு விற்றவள் எதற்குச் சிரிக்கப் போகிறாள் என்றுகூட யோசிக்கவில்லை நீங்கள்.

அக்கா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "நாங்க உங்கம்மாவ ஏமாத்துனோம்னு நீயா எழுதிக் குடுத்த?"

இல்லை என்றேன். அவள் நம்பவில்லை. நான் சொல்லாமல் உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாள். தேர்வில் நடந்ததை நடந்தபடிதான் எழுதினேன் என்றேன், அவள் காதில் வாங்கவில்லை. அன்றிலிருந்து அந்த வரிசையில் அம்மாவோடு யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

உங்கள் ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றேன். வகுப்பில் வந்த உதாரணம் எல்லோருக்கும் பொது என்றீர்கள். திருடியது போகட்டும், விலையை ஏன் மாற்றினீர்கள் என்று கேட்டேன்.

"அப்படியே போட்டா ஃப்ளாட்டா இருக்கும்மா. யாராவது கெட்டவங்களா இருந்தாத்தான் ஸ்டூடன்ட்ஸ் மனசுல நிக்கும். ஒரு எஃபெக்ட்டுக்காகப் போட்டது."

எஃபெக்ட் நன்றாகவே வந்திருக்கிறது சார். என் அம்மா இப்போது வரிசையை விட்டுத் தள்ளித் தனியாக உட்கார்ந்து விற்கிறாள்.

கைடின் புதிய பதிப்பைக் கல்லூரி அரங்கில் வெளியிடப் போகிறீர்களாம். நான் வருகிறேன். நீங்கள் கூப்பிட வேண்டாம். அம்மாவையும் பெரியம்மாவையும் பூக்கார அக்காவையும் கூட்டிவந்து முன்வரிசையில் உட்காரவைப்பேன். அன்றைக்கு மேடை இருக்கும், பார்வையாளர்களும் இருப்பார்கள், உங்கள் நோட்ஸில் சொன்னபடியே. அக்காவின் முகத்தைப் பார்த்து மைக்கில் சொல்லுங்கள்: அன்று அந்தப் பெண்கள் என்ன விலை கொடுத்து என் அம்மாவின் கூடையைக் காலி செய்தார்கள்?