வேங்கிக்கால் ஏரிக்கரையில் ஒரு சாட்சி

சாந்த் பாஷாவுக்குப் பொய் சொல்ல வராது என்று ஊரே பெருமையாகச் சொல்லும். அது பெருமையா, வியாதியா என்று அவர் மனைவி அஜ்மத் பேகத்துக்குத்தான் கடைசிவரை தீர்மானமில்லை. திருவண்ணாமலைத் தேரடி வீதியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். பிரேம் முகத்துக்குப் பொருந்தாவிட்டால், "இது உங்களுக்கு நல்லால்லீங்க, வேற கடையில பாருங்க" என்று வந்தவரை அனுப்பிவிடுவார். வியாபாரி பேசுகிற பேச்சா இது?

1979-ல் ஓர் ஆராய்ச்சி நிலையத்துக்காரர்கள் அவரைத் தேடி வந்ததும் இந்தப் பேரால்தான். பூமியைச் சுற்றும் செயற்கைக்கோள் ஒன்று, காற்று மண்டலத்தின் விளிம்பைப் பக்கவாட்டில் பார்த்து, மேலே ஓசோன் எவ்வளவு, நுண்தூசி எவ்வளவு என்று அளக்கிறதாம். அது சொல்வது சரியா என்று ஒத்துப்பார்க்கத் தரையிலிருந்தும் கணக்கு வேண்டும். அதற்கு ஒரு சின்னக் குழாயைக் கொடுத்தார்கள். சூரியனுக்கு நேராகப் பிடித்தால், வெயில் எவ்வளவு வடிகட்டப்படாமல் வந்து சேர்கிறது என்று முள் காட்டும். அந்த எண்ணைத் தபால் கார்டில் எழுதிப் போட வேண்டும், அவ்வளவுதான். கண்ணாடி துடைக்கத் தெரிந்தவர், உள்ளதை எழுதுகிறவர், வேறென்ன வேண்டும்?

ஊருக்குள் மேற்கு வானத்தை மலை மறைத்துக்கொள்ளும். அதனால் தினமும் சாயங்காலம் சைக்கிளில் வேங்கிக்கால் ஏரிக்கரைக்குப் போவார். அங்கே போக அவருக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. ரமலான் நோன்பின் இருபத்தொன்பதாம் நாள் மாலை பிறை தெரிந்தால் மறுநாள் பெருநாள். தெரியாவிட்டால் முப்பதாவது நோன்பு. வானம் மங்கலாக இருந்தால் நம்பகமான இரண்டு பேராவது பார்த்ததாகச் சொல்ல வேண்டும். பதினைந்து வருஷமாக அந்த இருவரில் ஒருவர் சாந்த் பாஷா.

1982 மே மாதம் வம்பு தொடங்கியது. மேகமே இல்லாத வானத்தில் முள் இறங்கிவிட்டது. பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. துடைத்துத் துடைத்துப் பார்த்தார், ஏறவில்லை. சூரியன் மறைந்த பிறகும் மேற்கே வானம் செக்கச்செவேலென்று வெகுநேரம் அணையாமல் இருந்தது. அதையும் கார்டின் ஓரத்தில் எழுதினார். பதில் கார்டு வரவில்லை. ஜூலையில் ஆளே வந்துவிட்டார்.

வந்தவர் நிலையத்தின் உதவியாளர் மூர்த்தி. அன்று நோன்பு இருபத்தொன்பது. ஏரிக்கரையில் வைத்தே குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சூரியன் எப்படிங்க பாய் மங்கும்? நீங்க நோன்பு. கை நடுங்கியிருக்கும், முள்ளு கம்மியா காட்டியிருக்கும்."

"மே மாசம் நான் நோன்பு இல்லீங்க சார்."

மூர்த்தி பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். மே முதல் எடுத்த அளவுகள் என் கவனக்குறைவால் தவறானவை என்று தட்டச்சு செய்திருந்தது. "ஒரு கையெழுத்து போட்டுடுங்க. வேற குழாய் அனுப்புறோம். இல்லன்னா இந்தக் குழாயை நான் எடுத்துட்டுப் போவணும். நீங்க அளக்காம வீட்ல உக்காந்துகிட்டே எழுதுற ஆளுன்னு ஆபீஸ்ல முடிவு கட்டிருவாங்க."

சாந்த் பாஷாவுக்கு முகம் சிவந்துவிட்டது. மூன்று வருஷம் மழையையும் காய்ச்சலையும் பார்க்காமல் வந்தவரை உட்கார்ந்துகொண்டு எழுதினார் என்பதா? அதற்குள் கரை மேல் ஆள் கூடிவிட்டது. பள்ளிவாசலை நிர்வகிக்கும் முத்தவல்லி அப்துல் ரசாக் வந்துவிட்டார். சூரியன் இறங்கியது. எல்லோரும் பேரீச்சம்பழம் தின்று நோன்பு திறந்தார்கள். வானம் எரிகிற அடுப்பாகச் சிவந்து கிடந்தது. சாந்த் பாஷா கண்ணை இமைக்காமல் தேடினார். ஒன்றுமில்லை.

"தெரியுது!" என்று கத்தினார் ஜவுளிக்கடை மொய்னுதீன். "அந்தா, பனைக்கு மேல! மெல்லிசா! ஐயோ, மறைஞ்சிடுச்சு."

அவர் மகன் ரஹமத்துல்லா மறுநாள் காலை பத்து மணி பஸ்ஸில் துபாய்க்குக் கிளம்புகிறான் என்பது ஊருக்கே தெரியும். நாளை பெருநாள் என்றால் தொழுது, சாப்பிட்டு, தாய் கையால் வழியனுப்பப்பட்டுப் போவான். இன்னும் ஒரு சாட்சிதான் பாக்கி.

அப்துல் ரசாக் கேட்டார்: "சாந்த், நீ பாத்தியாப்பா?"

"இல்லீங்க பாய்."

"நல்லா பாரு."

"பாத்துட்டேங்க. தெரியலை."

"தெரிஞ்ச மாதிரி இருந்துச்சா?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள். மொய்னுதீன் சாந்த் பாஷாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "பையன் போறான்டா. ஒரே ஒரு வார்த்தை சொல்லேன்."

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது இதுதான். ஒரு பக்கம் கண்டதைக் காணவில்லை என்று கையெழுத்துப் போடு என்கிறார்கள். மறுபக்கம் காணாததைக் கண்டேன் என்று சொல் என்கிறார்கள். மொய்னுதீன் சாந்த் பாஷாவுக்குப் பால்ய சிநேகிதர்.

"நான் பாக்கலீங்க" என்றார்.

நாளையும் நோன்பு என்று முடிவானது. கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே கலைந்தது. மொய்னுதீன் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். மூர்த்தி அந்தத் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"குழாய் உங்ககிட்டயே இருக்கட்டும் பாய். இத்தனை பேர் நெருக்கியும் பாக்காததைப் பாத்தேன்னு சொல்லாத ஆளு, வீட்ல உக்காந்தா எழுதியிருப்பீங்க? நான் பேசிக்கறேன்."

அந்தச் சந்தோஷம் மறுநாள் மதியம்வரைதான். பஸ்ஸில் வந்த ஒருவர், பக்கத்து ஜில்லாவில் நேற்றே பலபேர் பிறை பார்த்து இன்று பெருநாள் கொண்டாடுவதாகச் சொன்னார். பெருநாள் அன்று நோன்பு இருக்கக் கூடாது. ஊரே திடுக்கிட்டுத் தண்ணீர் குடித்து நோன்பை முறித்தது. ரஹமத்துல்லா பத்து மணிக்கே வெறும் வயிற்றோடு பஸ் ஏறிப் போயிருந்தான். அவன் தாய் மெஹ்ருன்னிசா அழுத அழுகை தெருமுனைவரை கேட்டது.

பிறகு யாரும் சாந்த் பாஷாவைச் சாட்சிக்குக் கூப்பிடவில்லை. 'தான் பிடிச்ச முயலுக்கு மூணு கால்' என்று கடை வாசலிலேயே கேலி பேசினார்கள். அவர் தினமும் ஏரிக்கரைக்குப் போய் எண்ணை மட்டும் எழுதிக்கொண்டிருந்தார்.

டிசம்பரில் மூர்த்தியின் கடிதம் வந்தது. வசந்த காலத்தில் மெக்சிகோ நாட்டில் ஓர் எரிமலை வெடித்திருக்கிறது. அதன் தூசி மேகங்களுக்கும் மேலே, இருபத்தைந்து கிலோமீட்டர் உயரத்தில் உலகைச் சுற்றி வந்து நம் தலைக்கு மேலும் திட்டுத்திட்டாகப் படர்ந்திருக்கிறது. செயற்கைக்கோள் அதைக் கண்டிருக்கிறது. உங்கள் மே மாத எண்கள் அதோடு ஒத்துப்போகின்றன. கீழே இன்னொரு வரி: அஸ்தமனத்துக்குப் பின் நீங்கள் எழுதிய சிவப்பும் அந்தத் தூசியால்தான்.

அவருக்கு முதலில் பெருமை வந்தது. அப்புறம் அந்தக் கடைசி வரியில் மனம் தட்டி நின்றது. அந்தச் சிவப்பில்தான் பிறை மூழ்கியிருக்கிறது. அப்படியானால் பிறை இருந்தது.

கடிதத்தோடு மொய்னுதீன் வீட்டுக்கு ஓடினார். ஐந்து மாதப் பேச்சற்ற வாசல்.

"நீ பாத்தது நிஜம்டா மொய்னு. என் கண்ணைத் தூசி மறைச்சிடுச்சு. என்னால உன் பையன் பெருநாள் சோறு தின்னாம போயிட்டான். என்னை மன்னிச்சிடு."

மொய்னுதீன் கடிதத்தை வாங்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"நானும் பாக்கலைடா சாந்த்" என்றார். "பையன் போறானேன்னு சொன்னேன்."

சாந்த் பாஷாவுக்குக் கோபம் வரவில்லை. சிநேகிதரின் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தார். அன்று தானும் ஒரு பொய் சொல்லியிருந்தால், அந்தப் பொய் உண்மையாகவே ஆகியிருக்கும்; ஒரு தாயின் வயிறு குளிர்ந்திருக்கும். எல்லாம் தெரிந்த பிறகும், மறுபடி அந்தக் கரையில் நிறுத்திக் கேட்டால் தன் வாயில் 'பாக்கலீங்க' என்பதுதான் வரும் என்று அவருக்குத் தெரிந்தது. அதை நினைத்துத்தான் அவர் அழுதார்.