மர்சலினின் முதல் ஐந்து தாள்கள்

மர்சலினைப் பற்றி நல்லபடியாக எழுத எத்தனையோ பேர் இருக்கிறார்கள். நான் எழுதினால் வயிற்றெரிச்சலோடுதான் எழுதுவேன். பதினெட்டு வருடமாக மயிலாப்பூரில் ஒரே பள்ளியில் இருவரும் அறிவியல் டீச்சர்கள். ஸ்டாஃப் ரூமில் எதிரெதிர் மேஜை. சீனியாரிட்டியில் நான் ஒன்பது மாதம் மூத்தவள். இதை வேறு யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளாததால் நான் வைத்திருக்கிறேன்.

அவள் பிறந்தது, கல்யாணமானது, குடியிருப்பது எல்லாமே சாந்தோம். கணவர் ஃபிரெட்ரிக் தரமணியில் ஆபீஸ் பஸ் ஓட்டுகிறார். ஷிஃப்ட் இல்லாத நாளில் விடைத்தாள் கட்டை வாங்கிக்கொள்ள ஸ்கூட்டரோடு பள்ளி வாசலில் வந்து நிற்பார். என் வீட்டுக்காரர் இனாயத் என் கட்டைப் பார்த்தாலே, "இன்னிக்கும் இதானா குல்சும்?" என்பார். சரி, அதை விடுங்கள்.

அவளுக்கு ஒரு பழக்கம். கட்டு முழுவதையும் திருத்தி முடித்ததும் முதல் ஐந்து தாள்களை மறுபடி படிப்பாள். மதிப்பெண்ணையும் மாற்றுவாள். "ஆரம்பத்துல கை இறுக்கமா இருக்கும்டி, போகப்போக எளகிடும். முன்னாடி மாட்டிக்கினு இருக்கிற புள்ள இன்னா பாவம் பண்ணுச்சு?" என்பாள். ஒருமுறை போட்ட மார்க்கை நான் தொடவே மாட்டேன். என் பேனா தராசு என்று பெற்றோர் கூட்டத்திலேயே சொல்லியிருக்கிறேன்.

போன வருடம் எங்கள் நிர்வாகத்தின் ஆறு பள்ளிகளுக்கும் பொதுவாக ஒரு மதிப்பீட்டு வழிகாட்டி எழுத முடிவானது. எந்தப் பள்ளியில் திருத்தினாலும் ஒரே விடைக்கு ஒரே மதிப்பெண் கிடைக்க வேண்டும். பொறுப்பு எனக்குத்தான் வரும் என்று நம்பி, முதல் கூட்டத்துக்காக தி.நகரில் புதுப் புடவைகூட எடுத்துவிட்டேன். எச்.எம். சிஸ்டரோ, மர்சலின் பெயரைச் சொன்னார். எல்லோரோடும் சேர்ந்து நானும் கைதட்டினேன்.

வழிகாட்டியின் வரைவு வந்தது. நான்காவது விதி, அந்த ஐந்து தாள் பழக்கம்! அதை எடுக்கவைத்தே தீருவது என்று கங்கணம் கட்டிக்கொண்டேன். "ஒழுங்கா திருத்தத் தெரியாதவங்களுக்குத்தான் ரெண்டாந்தடவை தேவை. வேணும்னா ட்ரையல் வெச்சுப் பாருங்க சிஸ்டர், நானும் திருத்தறேன்" என்றேன். முதலில் திருத்தியதற்கும் கடைசியில் திருத்தியதற்கும் வித்தியாசம் வராவிட்டால் விதியை எடுத்துவிடலாம் என்றார் சிஸ்டர்.

எட்டுப் பேர் திருத்தினோம், மர்சலின் உட்பட. ஆளுக்கு நாற்பது தாள், ஒளிச்சேர்க்கை பற்றி ஒரே கேள்வி, பத்து மதிப்பெண். கட்டுகளைத் தயாரித்தது அடையாறு பள்ளி டீச்சர் ஷெரில். திருத்தியவற்றைத் தொகுப்பது மர்சலின் வேலை. நான் ஒரே மூச்சில் முடித்து அவள் மேஜையில் முதல் ஆளாக வைத்தேன்.

இரண்டு நாள் கழித்து, ஸ்டாஃப் ரூமில் வேறு யாரும் இல்லாதபோது, என் கட்டிலிருந்து இரண்டு தாள்களை எடுத்து என் முன்னால் வைத்தாள். கையெழுத்து வேறு வேறு. விடை வரிக்கு வரி ஒன்றே. ஷெரில் ஒரே விடையை இரண்டு பிள்ளைகளை எழுதவைத்து, ஒவ்வொரு கட்டிலும் முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாகச் சேர்த்திருக்கிறாள். மூன்றாவது தாளுக்கு நான் ஐந்து போட்டிருந்தேன். முப்பத்தெட்டாவது தாளுக்கு எட்டு.

"மத்தவங்க?" என்றேன்.

"ஒண்ணு, ஒண்ணரை வித்தியாசம். உன்னுதுதான் மூணு."

"கூட்டத்துல சொல்லப் போறியா?"

"சொல்லித்தானடி ஆவணும்."

கூட்டத்தில் சொன்னாள். ஒரே விடைக்கு ஐந்தும் எட்டும் போட்ட ஒருவர் நம்மிடையே இருக்கிறார் என்றாள். எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று, "யாருங்க அது?" என்று நானும் கேட்டுவைத்தேன்.

மர்சலின் என்னை ஒரு நொடி பார்த்தாள். "நான்தான்" என்றாள். "பதினெட்டு வருஷம் திருத்தியும் தப்புது. அதான் இந்த விதி."

அறை முழுக்கக் கைதட்டல். எவ்வளவு பெரிய மனசு என்றார் சிஸ்டர். நான்காவது விதி நிறைவேறியது.

இப்போது நானும் முதல் ஐந்து தாள்களைத் திரும்பப் படிக்கிறேன், யாரும் பார்க்காதபோது. ஆனால் அந்தக் கைதட்டலை நினைத்தால் இன்றும் எரிகிறது. தப்பு என்னுடையது. எழுந்து சொல்லியிருந்தால் அது எனக்குக் கிடைத்திருக்கும்.