கன்னையாவின் விரலும் கெட்டி மேளமும்

கன்னையாவுக்கு வாயைவிடக் கைதான் அதிகம் பேசும். கிள்ளான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவனுக்குச் சைகை காட்டுகிற வேலை. விரலைத் தூக்கிச் சுற்றினால் கன்டேனர் மேலே போகும். உள்ளங்கையை விரித்தால் நிற்கும். வீட்டில் டீ கேட்பதும் விரலால்தான். நான் அதே துறைமுகத்தில் லோரி ஓட்டுகிறவன். அவன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டால் என் கண்ணைக் காப்பாற்றிக்கொள்வதே பெரும்பாடு.

அவன் மகள் மலர்விழிக்குப் பிரிக்பீல்ட்ஸில் மாப்பிள்ளை அமைந்தது. பெயர் கிருஷாந்த். அப்பா சிவகுருநாதன், யாழ்ப்பாணத்து வழி, அரசாங்கத்தில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். மெதுவாகப் பேசுவார். மெதுவாகப் பேசுகிறவர்கள் என்றாலே எனக்குக் கொஞ்சம் பயம்.

கல்யாணத்துக்கு என்ன இசை என்று பேசக் கூப்பிட்டார்கள். கன்னையாவுக்குத் துணையாக நானும் போனேன்.

"வயலின், புல்லாங்குழல் போதும், மிஸ்டர் கன்னையா. ஏர்கோன் மண்டபம். மேளம் அடிச்சா காது போயிடும்," என்றார் சிவகுருநாதன்.

"போனா போவட்டும் சம்பந்தி. தாலி ஏறும்போது கெட்டி மேளம் வேணும்."

"ரெக்கார்ட் போட்டுக்கலாமே, அங்கிள்?" என்றார் மாப்பிள்ளை.

"பாதியில விளம்பரம் வந்தா என்னா செய்வீங்க தம்பி?"

இது வீம்பில்லை. கன்னையாவின் கல்யாணம் கிள்ளானுக்குப் பக்கத்தில் காப்பார் ஊர்க் கோயிலில் நடந்தது. மேளக்காரர் வந்து சேரவில்லை. தாலி கட்டுகிற நேரம் பார்த்து வாசலில் ஒருவன், "செத்துப்போச்சுடா!" என்று கத்தினான். லோரி பேட்டரியைத்தான் சொன்னான். ஆனால் சபை முழுக்கக் கேட்டுவிட்டது. வீட்டில் மிக்சி நின்றாலும் அவன் மனைவி சீதாலெட்சுமி இன்றைக்கும் அந்தப் பேட்டரியைத்தான் இழுப்பாள். மகள் கழுத்தில் தாலி ஏறும்போது ஒரு கெட்ட சொல் காதில் விழக்கூடாது. அவனுக்கு அவ்வளவுதான் வேண்டும்.

கடைசியில் ஒத்துக்கொண்டார்கள். காலை முழுக்க வயலின், தாலிக்கு மட்டும் மேளம். சைகையைக் கன்னையாவே காட்டுவது.

"எங்கப்பா கையா?" என்றாள் மலர். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கல்யாணத்தன்று தவில்காரர் பக்கிரிசாமி கண்ணை எடுக்காமல் கன்னையாவின் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். தாலித் தட்டு ஆசீர்வாதத்துக்காக வரிசை வரிசையாகப் போய்க்கொண்டிருந்தது. சாப்பாட்டுக்கூடம் மாடியில். சமையல்காரர் கதவோரம் தலையை நீட்டி, அண்டாவை மேலே ஏற்றலாமா என்று ஜாடையில் கேட்டார். கன்னையா பழக்கதோஷத்தில் விரலைத் தூக்கிச் சுற்றினான்.

மேளம் இடித்தது. அட்சதை கொட்டியது. பாதி சபை எழுந்து மாடிப்படியைப் பார்த்து நடந்தது. ஐயர் ஏதோ கத்தினார்.

"யோவ், தாலி இன்னும் தட்டுலதான்யா இருக்கு!" என்று நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. கன்னையா பதறி உள்ளங்கையை விரித்தான். பக்கிரிசாமி அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு இன்னும் ஓங்கி அடித்தார்.

ஒருவழியாக அடங்கியது. போனவர்களைத் திரும்பக் கூட்டிவந்தோம். சிலர் கையில் வடை. அட்சதை தீர்ந்துபோனதால் சமையல்கட்டிலிருந்து பிரியாணி அரிசியில் மஞ்சளைக் கலந்து கொண்டுவந்தார்கள்.

"அண்ணே, அடுத்த தடவ நெசந்தானே?" என்று கேட்டார் பக்கிரிசாமி.

சிவகுருநாதன் எழுந்து வந்தார். மேளத்துக்கு முடிவு கட்டப்போகிறார் என்று நினைத்தேன். கன்னையா முந்திக்கொண்டான். "சம்பந்தி, மேளத்த மட்டும் நிறுத்திடாதீங்க."

அவர் பக்கத்தில் உட்கார்ந்து கன்னையாவின் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்தார். "மேளம் இருக்கட்டும். இது அசையக்கூடாதுலா."

முகூர்த்த நேரம் வந்தது. கிருஷாந்த் தாலியை எடுத்தார். ஐயர் தலையசைத்தார். பக்கிரிசாமி விரலைத் தேடினார். விரலோ பிடியில்.

"சம்பந்தி, கைய விடுங்க!"

அந்த நேரம் பார்த்து மாடிப்படியில் ஒரு பெரியவர் போனில், "ஐயோ, போச்சா? எப்படிப் போ..." என்று ஆரம்பித்தார். படியோரம் உட்கார்ந்திருந்த சிவகுருநாதனுக்கும் அது கேட்டது. பிடித்த பிடியை விடாமலே எழுந்து, கன்னையாவின் இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கினார்.

மேளம் இடித்தது. தாலி ஏறியது. பிரியாணி அரிசி பறந்தது.

சாப்பாட்டுக்கூடத்தில் சீதாலெட்சுமி கேட்டாள்: "ஏங்க, அந்தப் பெரியவரு போன்ல என்னமோ கத்துனாரே, என்னாது?"

கன்னையா எடுத்த சோற்றை இலையிலேயே வைத்தான். "உனக்குக் கேட்டுச்சா?"

"எங்க கேட்டுச்சு! வாய் அசைஞ்சதப் பாத்தேன், அவ்வளவுதான். இந்த மேளத்துல என்னா கேக்கும்?"

கன்னையா முகமெல்லாம் பல்லாக, என்னைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கினான். எதிர்வரிசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த பக்கிரிசாமி, பாயசத்தை அப்படியே விட்டுவிட்டுத் தவிலைத் தேடி எழுந்தார்.