பாக்கு நசுக்கிய கல்

யுரேனியம் தேடி எங்கள் இறம்பொடைத் தோட்டத்துக்கு வந்த அந்த யாழ்ப்பாணத்து ஐயாவின் பெயர் எனக்குத் தெரியாது. ஒல்லியான மனிதர். தோளில் ஒரு பெட்டி தொங்கும். அந்தத் தாது பக்கத்தில் இருந்தால் அது டிக் டிக் என்று தட்டுமாம். எந்தக் கல்லை எடுத்தாலும் நாக்கு நுனியில் வைத்துப் பார்ப்பார். தேயிலைக் கொழுந்து எடுக்கும் நாங்கள் சிரிப்பை அடக்க முடியாமல் தவிப்போம்.

ஒருநாள் மதியம் எங்களிடம் வெற்றிலை கேட்டார். மடியில் வைத்திருந்த கறுப்புக் கல்லால் பாக்கை நசுக்கிக் கொடுத்தேன். மென்றுகொண்டே பெட்டியின் குமிழைத் திருகினார். அது சோளம் பொரிவதுபோலப் படபடத்தது. என் கல்லருகே கொண்டுவந்ததும் ஓயாமல் அலறியது.

அவர் முகம் வெளிறிப்போயிற்று.

"துப்புங்கோ! எல்லாரும் துப்புங்கோ!"

அவரும் துப்பினார், நாங்களும் துப்பினோம். புல்லெல்லாம் சிவந்தது.

"உந்தக் கல்லை எங்கை எடுத்தனீங்கள்?"

"கீழ ஓடையிலங்க ஐயா."

எழுதிக்கொண்டார்.

"எவ்வளவு காலமா இதாலை பாக்கு நசுக்கிறியள்?"

"கல்யாணம் கட்டி வந்ததுலருந்துங்க. பதினாலு வருஷம்."

பென்சில் நின்றது. என்னையே பார்த்தார். பிறகு கல்லைத் தகர டப்பாவில் போட்டு இறுக மூடி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஓடையை எழுதிக்கொண்டவர், அந்தப் பதினாலு வருஷத்தை எழுதிக்கொள்ளவே இல்லை.