எந்தப் போர் நியாயம்?

இல்லை, பஸ்ஸில் சண்டை எதுவும் நடக்கவில்லை. இன்று காலை கம்மாபுரத்திலிருந்து விருத்தாசலம் வரும்போது பேப்பரைச் சத்தமாகப் படித்துவிட்டேன், அவ்வளவுதான்.

ஆயிரம் வருஷத்துக்கு முன் ஒரு ராஜா தொடுத்த போர் நியாயம் என்கிறார் ஒரு தலைவர். அநியாயம் என்கிறார் எதிர்க்கட்சித் தலைவர்.

பக்கத்து சீட்டு அம்மாவின் காதில் 'போர்' மட்டும் விழுந்தது.

"பக்கத்துக் கொல்லைக்காரன் போட்ட போருங்களா? அதுலதான் எங்க கெணறு வத்திப்போச்சு."

"இல்லைங்க, இது ராஜா காலத்துச் சண்டை."

"செத்த ராஜாவுக்கு ரெண்டு பக்கமும் வக்கீலு. என் கெணத்துக்கு ஒருத்தனும் இல்லியே!"

கண்டக்டர் சொன்னார்: "ஆயிரம் வருஷம் பொறுத்துக்க ஆத்தா. உன் கெணத்துக்கும் ரெண்டு கட்சியும் பேசும்."

கிணற்றுக்காக மனு கொடுக்கத்தான் அந்த அம்மா வந்திருந்தார்; இறங்கியதும் தாலுகா ஆபீஸில் நானே எழுதிக் கொடுத்தேன். தாசில்தாரும் ராஜா பக்கம் போய்விடக் கூடாதே என்று, 'போர்' என்பதை அடித்துவிட்டு 'குழாய்க் கிணறு' என்று எழுதினேன்.