நுஸ்ராவோடு சீகிரியாவுக்கு

காலை ஆறரைக்கெல்லாம் மாத்தளை பஸ் நிலையத்துக்கு வந்துவிட வேண்டும் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். ஏழரை ஆயிற்று. தம்புள்ளைக்குப் போகும் பஸ் இரண்டு என் கண்முன்னாலேயே கிளம்பிப் போயின. பிறகுதான் யட்டவத்தப் பக்கத்திலிருந்து வந்த பஸ்ஸிலிருந்து நுஸ்ரா குதித்து இறங்கினாள். பின்னால் அவளுடைய வாப்பா ஜவுபர் நானா, சாவகாசமாக.

"கோவிச்சுக்காதீங்க டீச்சர். கராம்பு ஏத்த லொறி வந்திச்சு. போட்டுட்டு வர ஏலாதுதானே."

நான் திருச்சிக்காரி. காதுகேளாத பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். அதே வேலைக்காக மூன்று மாதம் இலங்கையில், மாத்தளையில் ஒரு பாடசாலைக்கு வந்திருந்தேன். சைகை மொழி தெரியும் என்ற தைரியத்தில் வந்தவளுக்கு முதல் வகுப்பிலேயே அது போயிற்று. திருச்சிச் சைகைகளில் பாதி அங்கே செல்லாது. மீதியில் சிலவற்றுக்கு அங்கே வேறு பொருள். நான் கையைத் தூக்கினாலே வகுப்பு சிரித்தது. பிள்ளைகள் எனக்குக் கையைத் திருத்துவதும், நான் அவர்களுக்கு ஆங்கிலத்தைத் திருத்துவதுமாக இரண்டு பக்கமும் பொறுமை தேய்ந்துகொண்டிருந்தது. 'டூ நாட்' என்பதில் அந்த 'டூ' என்ன வேலை செய்கிறது என்று நுஸ்ரா ஒரு வாரம் விடாமல் கேட்டாள். எனக்கும் தெரியவில்லை.

அவளுக்குப் பத்தொன்பது வயது. பாடசாலையில் கேக் செய்யப் பழகியிருந்தாள். சீகிரியாவில் ஒரு ஹோட்டல் பேக்கரிக்கு ஆள் எடுக்கிறார்கள், ஆங்கிலம் எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று செய்தி வந்தது. அந்த நேர்முகத் தேர்வுக்குத்தான் இந்தப் பயணம்.

தம்புள்ளைக்கு நாற்பத்தைந்து கிலோமீட்டர். பஸ்ஸில் சிங்களப் பாட்டு காதைப் பிய்த்தது. அந்த பஸ்ஸிலேயே நிம்மதியாக இருந்தவள் நுஸ்ரா ஒருத்திதான். வழியில் ஜவுபர் நானா என் பக்கம் சாய்ந்து, "வேலைக்கு விடுறதா நான் இன்னும் சொல்லல்ல, டீச்சர்" என்றார்.

"அப்ப எதுக்கு வர்றீங்க?"

"புள்ள அழுதா. அதான்."

எனக்கு வந்த கோபத்தில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

தம்புள்ளையில் பஸ் மாறி, ஹோட்டலுக்குப் போய்ச் சேர்ந்தபோது பத்தரை தாண்டிவிட்டது. மேனேஜர் இளவயதுக்காரர், நல்ல மனிதர்தான். ஆனால் நுஸ்ராவைப் பார்த்ததும் வாயை அகலத் திறந்து, "வாட்! இஸ்! யுவர்! நேம்!" என்று கத்தினார். வரவேற்பறையில் இருந்த வெள்ளைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"நுஸ்ரா, சேர்" என்றார் வாப்பா.

அடுத்த கேள்வியை மேனேஜர் வாப்பாவிடமே சிங்களத்தில் கேட்டார். வாப்பாவே பதிலும் சொன்னார். வாப்பாவிடம் பொருள் கேட்டு நடுவில் புகுந்து, இரவு வேலை பார்ப்பாளா என்ற கேள்வியை நான் சைகையில் கேட்டேன். அவள் பதில் சொன்னாள். "விருப்பமில்லையாம்" என்று மொழிபெயர்த்தேன். என் உதட்டையும் மேனேஜரின் முகத்தையும் பார்த்த நுஸ்ரா மேசையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். அவள் போட்ட சைகைக்கு மாத்தளையில் பொருள், 'பிரச்சினையில்லை.'

மேனேஜரின் பேனாவைப் பிடுங்கி ஒரு தாளில் எழுதினாள். 'ஐ ஆம் டெஃப். யூ நோ ஷவுட். ஐ கேக் மேக் குட். ஆஸ்க் மீ.'

மூன்று மாதம் பாடுபட்டும் 'டூ' வரவில்லை. திருத்துவதற்கு என் கை துடித்தது. மேனேஜர் படித்தார், முகம் சிவந்தது, மன்னிப்புக் கேட்டார், ரகசியம் பேசுகிற குரலில்! பிறகு அவருக்கே உறைத்து, பேனாவை எடுத்தார். தாள் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போய் வந்தது. நானும் வாப்பாவும் ஆளுக்கொரு நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தோம்.

சமையலறையில் ஒரு கேக் செய்து காட்டினாள். வேலை கிடைத்தது. ஆனால் ஹோட்டல் விடுதியிலேயே தங்க வேண்டும். அதைக் கேட்டதும் ஜவுபர் நானா எழுந்து, மகளைப் பார்த்துக் கையால் காற்றை வெட்டினார். 'கூடாது.'

திரும்பி வரும் பஸ்ஸில் சண்டை. வா, போ, சாப்பிடு, தூங்கு, கூடாது: வாப்பாவுக்குத் தெரிந்த சைகை வீட்டில் புழங்கிய இவ்வளவுதான். நுஸ்ராவின் கைகளோ சுழன்றன. எனக்கே பாதி பிடிபடவில்லை. பஸ்ஸே எங்களை வேடிக்கை பார்த்தது. வாப்பா ஐந்தாறு தடவை 'கூடாது' போட்டார். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

பேச்சு அத்தோடு தீர்ந்தது. அவர் தோளைத் தொட்டார். அவள் கண்ணைத் திறக்கவில்லை. பாதி வழியில் நாலந்தா என்ற ஊர் தாண்டியும் திறக்கவில்லை.

"பாருங்க டீச்சர், கண்ண மூடிட்டா நான் என்ன செய்ய?"

எனக்கும் அலுத்துப்போயிருந்தது. "பேசக் கத்துக்கங்க" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன்.

நான் ஊர் திரும்ப இரண்டு நாள் இருக்கும்போது அவர் பாடசாலைக்கு வந்தார். இடைவேளை நேரம். தொப்பியைக் கழற்றி மடித்துக்கொண்டே கேட்டார்: "டீச்சர், பயமா இருக்குன்னு கையில எப்படிச் சொல்றது?"

"அவ பயப்படல நானா. இன்னும் அவளப் புரியலையா உங்களுக்கு?"

"அவளுக்கில்ல. எனக்கு."

செய்து காட்டினேன். அவர் தடித்த விரல்களால் திரும்பச் செய்தார். தாழ்வாரத்தில் போன நுஸ்ரா இதைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தாள். நான் சொல்லிக்கொடுத்ததே தப்பு போல. எரிச்சலோடு என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, வாப்பாவின் மணிக்கட்டைப் பிடித்துச் சரிசெய்தாள். எழுத்துப் பிழை திருத்துவது போலத்தான் செய்தாள். அவர் சரியாகச் செய்தார். பிறகு தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டி, மறுபடியும் செய்தார்.

அவள் அவருடைய கையை விடவே இல்லை. மறு கையால் தன் நெஞ்சைத் தொட்டு, அதே சைகையைச் செய்தாள்.

அவளைச் சீகிரியாவில் கொண்டுபோய் விட்டது அவர்தான். அதற்குள் நான் திருச்சிக்கு வந்துவிட்டேன். இங்கேயும் பஸ் பிந்துகிறது, பாட்டு அலறுகிறது. சண்டை போட அந்த இருவரும்தான் இல்லை. போன வாரம் ஜவுபர் நானா அழைத்தார்.

"வீடியோவில தினம் பேசுறா டீச்சர். ஆனா வேகமாப் பேசுறா, ஒண்ணும் வெளங்குதில்ல."

"மெதுவாப் பேசச் சொல்லுங்க."

"சொன்னேன். நீங்க வேகமாப் படிங்க வாப்பாங்கிறா."