மேனேஜர் இடத்தில் நின்ற கார்

லொரெய்ன் குபியாக்கும் நானும் மிச்சிகனில் ஒரு கார் ஆலையில் இருபத்தாறு வருடம் பக்கத்தில் பக்கத்தில் நின்று கதவு மாட்டியவர்கள். வெளிநாட்டுக் காரில் வேலைக்கு வருகிறவன் அதை வண்டி நிறுத்துமிடத்தின் கடைசியில், வேலியோரம்தான் நிறுத்த வேண்டும். எங்கள் தொழிற்சங்கம் வைத்த சட்டம் அது. அங்கிருந்து பனியில் நடந்து வருகிறவர்களைப் பார்த்து அதிகம் சிரித்தவள் லொரெய்ன்தான்.

அவள் ஆசையாய் வாங்கிய எங்கள் கம்பெனி கார், நெடுஞ்சாலையில் ஓடும்போதே இரண்டு முறை எஞ்சின் அணைந்து நின்றுபோனது. ஐந்து தடவை சர்வீசுக்கு விட்டாள்.

"வேற யாரும் குறை சொல்லலையேம்மா. உங்களுக்கு ஓட்டத் தெரியல," என்று அனுப்பிவிட்டார்கள்.

கார் செய்கிறவளுக்குக் கார் ஓட்டத் தெரியாதாம். எனக்கே ரத்தம் கொதித்தது.

திங்கட்கிழமை காலை அதை இழுவை வண்டியில் கொண்டுவந்து, ஆலை மேனேஜரின் பெயர் எழுதிய இடத்தில் இறக்கினாள். காவலாளி ஓடி வந்தார்.

"இங்க நிறுத்தாத லொரெய்ன். வேலியோரம் கொண்டுபோ."

"ஏன், இது வெளிநாட்டுக் காரா?"

"வம்பு பண்ணாம வண்டிய எடு தாயி."

சாவியை அவர் கையில் வைத்தாள்.

"நீயே எடு. கிளம்புச்சுன்னா, எனக்கு ஓட்டத் தெரியலன்னு ஒத்துக்கிறேன்."